கடற்கரைச் சாப்பாட்டுக் கடைகளுக்கு ஒரு தண்ணீர்க் குழாய்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

மாலை ஐந்து மணிக்குப் பின் திருகோணமலை டச்பே கடற்கரைக்குப் போய்வருகிறவர்களுக்கு அங்குள்ள இறால் வடை வண்டில்களும், சோளப்பொத்தி அவியும் பானைகளும், கொத்து ரொட்டித் தகட்டில் இரும்பு விழும் ஓசையும் புதியவை அல்ல. முப்பத்திரண்டு வருடங்கள் இந்த நகரில் அரசாங்க எழுதுவினைஞராக வேலை பார்த்து ஓய்வுபெற்ற நான், அலுவலகம் விட்டு வீடு திரும்பும் வழியில் அந்த வண்டில்களில் வாங்கித் தின்ற வடைகளுக்குக் கணக்கில்லை. அந்தக் கடைகளைப் பற்றி எழுதவேண்டும் என்ற எண்ணம் அப்போதெல்லாம் எனக்குத் தோன்றியதில்லை. மலேசியாவில் பினாங்குத் தீவுக்குப் போய், அங்குள்ள அங்காடிக் கடைகளிலும் சீன உணவகங்களிலும் நான்கு கிழமைகள் சாப்பிட்டுத் திரும்பிய பின்னரே தோன்றியது. தெருவோரத்தில் சமைத்து விற்றுப் பிழைக்கிறவர்களுக்கு ஓர் ஊர் என்னென்ன செய்து கொடுக்கலாம் என்பதை அங்கே கண்ணால் கண்டேன். அவற்றில் ஒன்றைக்கூட நாம் இங்கே செய்து கொடுக்கவில்லை என்பதுதான் என் மனக்குறை.

என் தம்பி பினாங்கில் தொழில் பார்க்கிறார். அவரும் அவருடைய மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள் என்பதால் கிழமை நாள்களில் அந்த வீட்டில் அடுப்பு மூட்டுவது அபூர்வம். முதல் இரண்டு நாள்களும் எனக்கும் என் மனைவிக்கும் அது மனத்துக்கு ஒப்பவில்லை. கடைச் சாப்பாடு வயிற்றைக் கெடுக்கும், காசைக் கரைக்கும் என்று சொல்லியே நாங்கள் வளர்க்கப்பட்டோம். ஆனால் அங்கே வெளியில் சாப்பிடுவது விசேஷ நாளுக்குரிய காரியமோ சோம்பேறித்தனமோ அல்ல. பள்ளிக்கூடப் பிள்ளைகள், வங்கி உத்தியோகத்தர், மேசன்மார், வயோதிபத் தம்பதியர் என்று எல்லோரும் காலையும் இரவும் ஒரே கூரையின் கீழ் வந்து உட்கார்ந்து சாப்பிட்டுப் போகிறார்கள். நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறு, ரொட்டி சானாய், தே தாரிக் என்ற இழுத்து ஆற்றிய தேநீர் ஆகியவற்றோடு கூடிய மலேசியக் காலையுணவுப் பண்பாட்டை யுனெஸ்கோ நிறுவனம் 2024 ஆம் ஆண்டு மனிதகுலத்தின் மரபுப் பட்டியலில் சேர்த்துக்கொண்டதைத் தம்பி பெருமையோடு சொன்னபோது, தேநீரை இழுத்து ஆற்றுவதற்கு இவ்வளவு மரியாதையா என்று முதலில் நினைத்தேன். ஒரு கிழமை கழிந்த பிறகு அப்படி நினைக்கவில்லை.

ஜோர்ஜ் டவுன் நகரில் ஓர் இலங்கையன் அந்நியனாக உணர இடமில்லை. 1786 இல் ஆங்கிலேயர் வந்திறங்கிய இடத்தில் கார்ன்வாலிஸ் கோட்டை, அதன் அருகே புல்வெளித் திடல், திடலுக்கு அப்பால் கடல் என்று அது கிடக்கும் கிடை நம்முடைய பிரெட்ரிக் கோட்டையையும் அதன் முன்னால் மான்கள் மேயும் வெளியையும் நினைவூட்டியது. சிறிது தூரம் நடந்தால் ஒரே வீதியில் சீனர்களின் கருணைத் தெய்வக் கோயிலும், தமிழ் முஸ்லிம்கள் 1801 இல் அமைத்த கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும், அடுத்த தெருவில் மகாமாரியம்மன் கோயிலும் இருக்கின்றன. இந்த மூன்று கூட்டத்தாரின் சாப்பாடும் அந்தத் தெருக்களில்தான் பிறந்து வளர்ந்தது. நாசி கண்டார் என்று இன்று பெரிய கடைகளில் விற்கப்படும் சோறும் கறியும், ஒரு காலத்தில் தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் தோளில் காவுத்தடி வைத்து இரண்டு பக்கமும் கூடை தொங்கவிட்டுத் துறைமுகத் தொழிலாளருக்குக் கொண்டுபோய் விற்றது. காவுத்தடிக்கு மலாய் மொழியில் உள்ள பெயரே உணவுக்கும் பெயராயிற்று. துறைமுகத்தை நம்பி வாழ்ந்த ஊர்க்காரன் என்ற முறையில் அந்தக் கதை எனக்கு மிகவும் நெருக்கமாக இருந்தது.

கோபித்தியாம் எனப்படும் சீனக் கோப்பிக் கடை நடக்கும் விதத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் சொல்லவரும் விடயத்தின் அடித்தளம் அதில்தான் இருக்கிறது. கட்டடமும் மேசை கதிரைகளும் ஒருவருக்குச் சொந்தம். அவர் விற்பது கோப்பி, தேநீர் போன்ற குடிவகைகளை மாத்திரமே. கடையின் முன்புறத்திலும் ஓரங்களிலும் ஐந்தாறு சிறு அடுப்புகளுக்கு இடம் ஒதுக்கி, ஒவ்வொன்றையும் ஒவ்வொரு சமையற்காரருக்கு வாடகைக்கு விட்டிருப்பார். ஒருவர் மீ எனப்படும் நூடில்ஸ் வகை மாத்திரம் செய்வார், இன்னொருவர் கஞ்சி மாத்திரம், வேறொருவர் கோழிச் சோறு மாத்திரம். நாம் ஒரு மேசையில் உட்கார்ந்து, விரும்பிய அடுப்புக்காரரிடம் போய் வேண்டியதைச் சொல்லி, மேசையைக் காட்டிவிட்டு வந்தால் கோப்பை நம்மைத் தேடி வரும். வந்த கையோடு காசைக் கொடுத்துவிட வேண்டும். குடிப்பதற்கு ஒன்றாவது கடைக்காரரிடம் சொல்லுவது அங்கத்தைய மரியாதை. மேசையில் இடமிருந்தால் முன்பின் தெரியாதவர் வந்து தலையசைத்துவிட்டு எதிரில் உட்காருவார், அதை எவரும் தவறாக எடுப்பதில்லை. முதலீடு என்று பார்த்தால் அடுப்புக்காரருக்கு ஒரு தாச்சியும் ஒரு கைவண்டியும் போதும். தண்ணீர், மின்சாரம், கூரை, கழுவும் இடம், உட்கார இடம் எல்லாம் பொதுவில் இருக்கின்றன.

அரசாங்கமோ நகராண்மையோ கட்டிக் கொடுத்த அங்காடி நிலையங்களும் ஏறக்குறைய இதே ஒழுங்கில்தான் நடக்கின்றன. கர்னி டிரைவ் கடற்கரை வீதியோரத்து அங்காடி நிலையத்துக்கு ஓர் இரவு போனோம். சார் குவே தியாவ் என்ற வறுத்த சேவை செய்யும் ஒரு முதியவரின் வண்டிக்கு முன்னால் வரிசையில் நின்ற இருபது நிமிடங்களும் அவருடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அகலமான அரிசி மாச் சேவை, இறால், மட்டிச் சதை, பயற்றம் முளை, சீன வெங்காயத் தாள், முட்டை ஆகிய எல்லாம் கை எட்டும் தூரத்தில் தனித்தனிச் சட்டிகளில் இருந்தன. தாச்சி புகையத் தொடங்கிய பிறகுதான் எண்ணெய் விட்டார். சேவை விழுந்ததும் கரண்டியால் இரண்டு மூன்று தரம் புரட்டி, ஓரமாகத் தள்ளி, நடுவில் முட்டையை உடைத்து ஊற்றி, அது கட்டியாவதற்கு முன் சேவையை அதன்மேல் கவிழ்த்தார். மட்டியைக் கடைசியில்தான் போட்டார். முதலில் போட்டால் அது இறப்பராகிவிடும் என்று தம்பி சொன்னார். ஒரு கோப்பைக்கு இரண்டு நிமிடங்கள்கூட ஆகவில்லை. இருபது பேர் காத்து நின்றும் அவர் ஒரே தரத்தில் இரண்டு கோப்பைக்குரியதைப் போடவே இல்லை. கூடப் போட்டால் தாச்சியின் சூடு இறங்கி, சேவை வறுபடாமல் அவிந்து குழைந்துவிடும் என்பது அதன் காரணம். அந்தச் சூட்டினால் ஏறும் கருகல் மணத்தைத் தாச்சியின் மூச்சு என்ற பொருள்படச் சீனர்கள் சொல்கிறார்கள். நான் கொடுத்த விலை எட்டு வெள்ளி. மலேசியத் தமிழர்கள் ரிங்கிட்டை வெள்ளி என்றுதான் சொல்கிறார்கள், கேட்கவே இனிமையாக இருக்கிறது.

அந்த முதியவர் வேறு எதையும் விற்கவில்லை. சோறு இல்லை, சூப் இல்லை, ரொட்டி இல்லை. ஒரு பண்டத்தை மாத்திரம் வாழ்நாள் முழுதும் செய்கிற கையில் வருகிற நேர்த்தியும் சுத்தமும், முப்பது பண்டங்களின் பெயரைப் பலகையில் எழுதி வைத்திருக்கிற கடையில் எப்படி வரும்? நம் கடைகளோடு ஒப்பிட்டு நான் அதிகம் யோசித்தது இந்த இடத்தில்தான்.

அசாம் லக்சா என்ற இன்னொரு பண்டத்தையும் சொல்லாமல் விடமுடியாது. மீனை அவித்து உதிர்த்துப் புளியில் கொதிக்கவைத்த அந்தக் குழம்பை வாயில் வைத்த உடனே என் மனைவி, “இது எங்கட புளி ஆணம் மாதிரி எல்லோ இருக்கு” என்றார். உண்மையில் அது வேறு பண்டம். இஞ்சி இனத்துப் பூ மொட்டும், புதினாவும், அன்னாசித் துண்டும், கறுத்த இறால் களியும் அதில் சேருகின்றன. ஆனாலும் மீனும் புளியும் சேர்ந்த அந்தச் சுவையின் அடி நமக்குப் பழக்கமானது. மீன் பிடிக்கிற ஊர் தன் மீனைத் தன் தெருவிலேயே சமைத்து, ஊருக்கு வருகிறவனுக்குக் கொடுத்து, அதனால் பெயரும் பெற்றிருக்கிறது. உணவகங்களைத் தரம்பிரித்துச் சொல்லும் மிச்லின் வழிகாட்டி 2022 ஆம் ஆண்டு இறுதியில் கோலாலம்பூரையும் பினாங்கையும் தன் ஏட்டில் சேர்த்தபோது, நட்சத்திர ஹோட்டல்களோடு தெருவோர அடுப்புகளும் அதில் இடம்பெற்றன.

இங்கே நிலைமை என்ன? உப்புவெளியிலோ நிலாவெளியிலோ வந்து தங்கும் உல்லாசப் பயணிக்கு, சுறாப் புட்டும், கணவாய்க் கறியும், கூனிச் சம்பலும், மூதூர் கிண்ணியாப் பக்கத்து நண்டுக் குழம்பும் இந்த மண்ணின் சாப்பாடு என்று யார் காட்டுகிறார்கள்? அவையெல்லாம் நம் வீட்டுக் குசினிகளுக்குள்ளேயே இருந்துவிடுகின்றன. வெளியில் எந்தக் கடைக்குப் போனாலும் கொத்து, பிரைட் ரைஸ், நூடில்ஸ், டெவில் என்ற ஒரே வரிசைதான். சீன உணவு என்று பலகை போட்ட இடத்திலும் அதே வரிசை, அந்தப் பக்கத்து முஸ்லிம் ஹோட்டலிலும் அதே வரிசை, சைவக் கடையிலும் இறைச்சியை விட்டுவிட்டு அதே வரிசை. பிரைட் ரைஸை நான் குறைத்துப் பேசவில்லை. என் பேரப்பிள்ளைகளுக்கு உயிர். ஆனால் எல்லோரும் எல்லாவற்றையும் விற்பதால் எவரும் ஒன்றையும் நன்றாகச் செய்வதில்லை.

சீனர் நமக்குப் புதியவர்களும் அல்லர். எங்கள் சிறுவயதில் சைக்கிளில் புடவை மூட்டை கட்டிக்கொண்டு வீதி வீதியாக விற்ற சீனரையும், பல் கட்டும் கடை வைத்திருந்த சீனக் குடும்பத்தாரையும் இந்த நகரின் மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். நாட்டின் ஒரு பெரிய விமானத் தளம் இருக்கும் இடத்தையே சீனக்குடா என்றுதான் அழைக்கிறோம். அப்படியிருந்தும் ஒரு சீனக் குடும்பம் தன் வீட்டில் என்ன சாப்பிடுகிறது என்பதை நான் அறிந்தது அறுபது வயதுக்குப் பிறகு, பினாங்கில்தான்.

சீனப் புத்தாண்டை ஒட்டித் தம்பியுடன் வேலை செய்யும் ஒரு சீன நண்பர் எங்களைப் பெரிய உணவகம் ஒன்றுக்கு அழைத்துப் போனார். வட்ட மேசை, நடுவில் சுழலும் தட்டு. உட்கார்ந்ததும் சுடுதண்ணீர் நிறைந்த ஒரு பாத்திரம் வந்தது. குடிப்பதற்கு என்று நான் கை நீட்ட, நண்பர் சிரித்துக்கொண்டே தன் கிண்ணத்தையும் கரண்டியையும் சாப்பாட்டுக் குச்சிகளையும் அதில் அலசிக் காட்டினார். பிறகு எல்லோருடையதையும் நண்பர் வீட்டு மூத்த பெண்மணியே அலசி எடுத்து வைத்தார். ஏற்கெனவே கழுவித்தான் கொண்டு வருகிறார்கள், ஆனாலும் சாப்பிடுகிறவர் தம் கண்முன்னே இன்னொரு தரம் அலசிக்கொள்ள உரிமை வைத்திருக்கிறார். மெல்லிய மீன் துண்டும் பலநிறக் காய்கறிச் சீவல்களும் கலந்த யீ சாங் என்ற பண்டத்தை எல்லோரும் எழுந்து நின்று குச்சிகளால் மேலே மேலே தூக்கிக் கிளறி வாழ்த்துச் சொன்னார்கள். இஞ்சி போட்டு ஆவியில் அவித்த ஒரு முழு மீன் வந்தது. அதன் ருசியைச் சொல்லி முடியாது. மிளகாய்த்தூள் இல்லாமல் மீனைச் சாப்பிட முடியும் என்று என் மனைவி ஒப்புக்கொண்ட முதல் நாள் அது.

எல்லாம் அங்கே ஒழுங்காகத்தான் நடக்கிறது என்று சொல்ல வரவில்லை. வேறொரு நாள் நாங்கள் இருவரும் தனியாக ஒரு கடலுணவுக் கடைக்குப் போய், விலைப் பட்டியலில் “காலத்துக்கேற்ற விலை” என்று இருந்ததைக் கேட்டுத் தெளியாமல், தொட்டியில் நீந்திய மீன் ஒன்றைக் காட்டிவிட்டோம். நூறு கிராமுக்கு இவ்வளவு என்று நிறுத்து விலை போடுவார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது. பில் வந்தபோது என் மனைவியின் முகம் போன போக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. விலையை முன்கூட்டியே எழுதிக் காட்டாத கடை எந்த நாட்டில் இருந்தாலும் அது பிழைதான். நம் கடற்கரையிலும் வெள்ளைக்காரரைக் கண்டால் ஒரு விலை, நம்மவரைக் கண்டால் இன்னொரு விலை சொல்லும் இடங்கள் இருப்பதை எல்லோரும் அறிவோம்.

பல இனத்தவர் ஓரிடத்தில் சாப்பிடுவது பற்றியும் உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும். பன்றி இறைச்சியும் பன்றிக் கொழுப்பும் புழங்கும் சீனக் கோப்பிக் கடைகளில் முஸ்லிம்கள் உட்காருவதில்லை. அவர்களுக்கு ஹலால் சான்றுள்ள கடைகளும் தமிழ் முஸ்லிம்கள் நடத்தும், இரவு முழுவதும் திறந்திருக்கும் மாமாக் கடைகளும் இருக்கின்றன. எனக்குப் பிடித்தது என்னவென்றால், எதை எங்கே சாப்பிடலாம் என்பதை எவரும் மறைத்து வைப்பதில்லை. ஒரு கடைக்கு ஹலால் முத்திரை, இன்னொன்றுக்குச் சைவம் என்ற பலகை என்று கண்ணில் படும்படி வைத்திருக்கிறார்கள். சீனர்களிலும் சந்திர மாதத்தின் முதலாம் நாளும் பதினைந்தாம் நாளும் மரக்கறி மாத்திரம் சாப்பிடுகிறவர்கள் பலர்; ஒன்பது பேரரசர் தெய்வங்களின் விழா நடக்கும் ஒன்பது நாள்களும் சைவக் கடைகள் மஞ்சள் கொடி கட்டி வியாபாரம் செய்வார்களாம். கந்தசஷ்டிக்கும் கேதார கௌரி விரதத்துக்கும் நோன்பிருக்கிற நம்மவர்களுக்கு இது விளங்காத காரியமா? தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் தோளோடு தோள் நடக்கிற நம் கடற்கரையில், மாட்டிறைச்சி புழங்கும் தட்டு எது, புழங்காத தட்டு எது என்பதைத் தெளிவாகப் பிரித்து எழுதி வைத்தால், தயங்கித் தயங்கி நிற்கிற எத்தனையோ குடும்பங்கள் நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிடும்.

இனி, இந்தக் கடிதத்தை எழுதியே ஆகவேண்டும் என்று என்னைத் தூண்டிய சம்பவத்துக்கு வருகிறேன். ஊர் திரும்பிய பதினைந்தாம் நாள், பேரனைக் கூட்டிக்கொண்டு கடற்கரைப் பக்கத்தில் ஒரு கடைக்குப் போனேன். கடையின் பெயரை எழுத நான் விரும்பவில்லை, எழுதுவதால் பயனும் இல்லை. சாப்பிட்டு முடித்துக் கை கழுவ எழுந்தபோதுதான் பின்பக்கம் கண்ணில் பட்டது. சாப்பிட்ட கோப்பைகள் எல்லாவற்றையும் ஒரு பையன் இரண்டே வாளிகளில் முக்கி எடுத்துக்கொண்டிருந்தான். முதல் வாளித் தண்ணீரில் எண்ணெய் படலமாக மிதந்தது. இரண்டாவது வாளித் தண்ணீர் கழுநீர் நிறத்தில் இருந்தது. அதில் முக்கிய கோப்பையைத் துடைத்து, மேலே ஒரு லஞ்ச் சீற்றை விரித்து, அடுத்தவருக்குச் சாப்பாடு போட்டார்கள். பையனிடம் தண்ணீரை மாற்றக் கூடாதா என்று கேட்டேன். வீதிக்கு அப்பால் உள்ள ஒரு வளவில் போய்க் கானில் எடுத்து வரவேண்டும், ஒரு மாலைக்கு நான்கு கானுக்கு மேல் தர அவர்கள் சம்மதிப்பதில்லை என்றான். அன்று இரவு என் பேரனுக்கு வயிற்றோட்டம் பிடித்து, இரண்டு நாள்கள் ஆசுபத்திரியில் சேலைன் ஏற்ற வேண்டி வந்தது. அந்தக் கடைச் சாப்பாடுதான் காரணம் என்று எவரும் நிரூபிக்கவில்லை, நானும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அந்த வாளியை நான் பார்த்தேன்.

கோப்பைமேல் பொலித்தீன் சீற்று விரிக்கும் வழக்கம் நம் நாட்டில் ஏன் இவ்வளவு வேரூன்றிப் போனது என்று யோசித்துப் பாருங்கள். கோப்பையைக் கழுவத் தண்ணீர் இல்லாதவனுக்கு அது ஒரு வழி. 2017 செப்டெம்பரில் பொலித்தீன் லஞ்ச் சீற்றுக்குத் தடை வந்த பின்னரும் அது பல இடங்களில் ஒழியாமல் இருப்பதற்கு வியாபாரியின் பேராசையை மாத்திரம் காரணம் காட்டுவது நியாயமல்ல. தண்ணீரைக் கொடுக்காமல் சுத்தத்தைக் கேட்கிறோம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் வந்து பார்க்கிறார்கள், எச்சரிக்கிறார்கள், 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் வழக்கும் தொடுக்கிறார்கள். அது அவர்களுடைய கடமை, குறை சொல்ல மாட்டேன். தண்டம் கட்டிய வியாபாரி மறுநாள் மாலை அதே இரண்டு வாளிகளோடுதானே வந்து நிற்கிறார்?

மலேசியாவில் சட்டம் இளக்கமானது என்று எண்ணிவிட வேண்டாம். உணவைக் கையாளுகிறவர் ஒவ்வொருவரும் அதற்குரிய பயிற்சி பெற்றிருக்க வேண்டும், தைபோயிட் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும் என்று 2009 ஆம் ஆண்டின் உணவுச் சுகாதார ஒழுங்குவிதிகள் வைத்திருக்கின்றன. உள்ளூராட்சி அதிகாரிகள் கடைகளைப் பரிசோதித்து ஏ, பி, சி என்று தரம் போட்டு, அதைச் சாப்பிட வருகிறவர் பார்க்கும்படி தொங்கவிடச் செய்கிறார்கள். 2019 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து திறந்த வெளிக் கடைகள் உட்பட எந்தச் சாப்பாட்டுக் கடையிலும் புகைபிடிக்க முடியாது. இவ்வளவு கண்டிப்பையும் அந்த வியாபாரிகள் தாங்குவதற்குக் காரணம், குழாயும் கழுவுதொட்டியும் வடிகானும் கூரையும் அவர்களுக்கு முதலில் கிடைத்திருப்பதுதான்.

ஆகவே நகர நிர்வாகத்துக்கும், மாகாண சபைக்குரிய அதிகாரிகளுக்கும், கரையோரம் பேணல் திணைக்களத்துக்கும் தங்கள் பத்திரிகை மூலம் நான் வைக்கும் வேண்டுகோள் இதுதான். டச்பே கடற்கரையை ஒட்டியோ அதற்குச் சற்று உள்ளே தள்ளியோ இருபது சிறு அடுப்புகளுக்குப் போதுமான ஓர் இடத்தைத் தெரிந்தெடுங்கள். கடலிலிருந்து 300 மீற்றருக்குள் எதையும் கட்டக் கரையோரத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் கட்டடம் கேட்கவில்லை, வாடைக்காற்றுக்கும் மாரி மழைக்கும் தாங்கும் ஒரு கூரை போதும். ஐப்பசி முதல் தை வரை வியாபாரமே படுத்துவிடும் இந்த மக்களுக்கு அந்தக் கூரை பெரிய உபகாரம். ஓடும் தண்ணீரில் எல்லோரும் கோப்பை கழுவ ஒரு பொதுத் தொட்டி, எண்ணெய்க் கழிவு நேரே கடலுக்குள் போகாதபடி ஒரு பொறி, பொதுவில் மேசை கதிரைகள், இவை வேண்டும். இடம் கொடுக்கும்போது ஒரு நிபந்தனையும் வைக்க வேண்டும்: ஓர் அடுப்புக்கு ஒரு பண்டம். புட்டுக் கடைக்காரர் புட்டையும் அதற்குரிய கறியையும் விற்கட்டும், அப்பக்காரர் அப்பத்தை விற்கட்டும், கணவாய் பொரிப்பவர் கணவாயை மாத்திரம் பொரிக்கட்டும். நாலுமணிப் பலகாரத்துக்குக் கிண்ணியாவிலிருந்து ஒரு பெண், தம்பலகாமத்துப் பச்சையரிசியில் பாற்சோறோ மோதகமோ செய்ய இன்னொரு பெண் என்று வந்தால் அதைவிட என்ன வேண்டும்? சீனச் சமையலைச் சரியாகப் பழகிய இளைஞர் எவராவது இருந்தால் அவருக்கும் ஓர் அடுப்பு கொடுக்கலாம், ஒரு கோப்பைக்கு ஒரு தரம் தாச்சியைச் சூடாக்கச் சம்மதிப்பாரானால்.

இதற்கு எழக்கூடிய மறுப்புகளை நான் அறியாமலில்லை. இடத்தைக் கட்டிக் கேள்விப்பத்திரம் போட்டு, கூடிய வாடகை தருகிற பெரிய முதலாளிக்குக் கொடுத்துவிடுவார்கள் என்ற பயம் நியாயமானது. வாடகையைக் குறைவாக நிர்ணயித்து, இப்போது அங்கே வியாபாரம் செய்கிறவர்களுக்கே முதலிடம் கொடுத்து, கைமாற்றி விற்க முடியாதபடி எழுதினாலன்றி இந்தத் திட்டத்தைத் தொடங்காமல் இருப்பதே நல்லது. ஊருக்கு வெளியே, சனம் போகாத மூலையில் கொண்டுபோய் வைத்தாலும் அது பாழாகிவிடும். பினாங்கிலும் சிக்கல்கள் இருக்கின்றன. அடுப்பில் நிற்பவர்களில் பலர் முதியவர்கள், அவர்களுடைய பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். அங்கே உள்ளூர்ப் பண்டங்களை அங்காடிக் கடைகளில் வெளிநாட்டவர் சமைக்கக் கூடாது என்று 2016 முதல் விதி கொண்டு வந்திருக்கிறார்கள். பிழைக்க வந்தவனின் கையைத் தட்டிவிடும் அந்த விதியில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் தெருவோரத்து ஒரு கோப்பைச் சாப்பாட்டைக் காப்பாற்ற ஓர் அரசாங்கம் அவ்வளவு தூரம் கவலைப்படுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இந்தக் கடிதத்தை முடிப்பதற்கு முன் நேற்று மாலை கடற்கரையில் அப்பம் சுடும் ஓர் அம்மாவிடம் பேசிப் பார்த்தேன். இரண்டு மண்ணெண்ணெய் அடுப்புகள், இரண்டு அப்பச்சட்டிகள், ஒரு பானை மா. தேங்காய்ப் பால் விட்ட அப்பத்தின் நடுப்பகுதி வேகும் வரை மூடியைத் திறக்காமல் காத்திருந்து, ஓரத்தைக் கத்தியால் ஒரு சுற்றுச் சுற்றி எடுத்துத் தந்தார். ஒரு நாளைக்கு நூற்றைம்பது அப்பம் சுட முடியும், ஆனால் எண்பதோடு நிறுத்திவிடுகிறார். காரணம் கேட்டேன். மகன் சைக்கிளில் இரண்டு கான் தண்ணீர் கொண்டுவந்து தந்துவிட்டு ரியூசனுக்குப் போய்விடுகிறானாம். எண்பதாவது அப்பத்தோடு கோப்பை கழுவும் தண்ணீர் தீர்ந்துவிடும், அழுக்குக் கோப்பையில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு வைக்க மனம் வராது, அதனால் ஏழரை மணிக்கே மாவை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போகிறேன் என்றார்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் ஒருவர்,
உவர்மலை,
திருகோணமலை.